சுறா எண்ணெய் பூசிய பலகை

ராயபுரம்,
3-2-1952

அன்புள்ள மாமாவுக்கு,

கோவிந்தம்மா எழுதுவது. நான் சுகம். பொங்கல் மறுநாள் கோபித்துக்கொண்டு எண்ணூருக்குப் போன நீங்கள், உங்கள் அண்ணன் வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை. "பொம்பள சோத்துக் கடை போட்டா எம் மானம் இன்னாத்துக்கு ஆவும்?" என்று கத்தினீர்களே, கடை போட்டுவிட்டேன். துறைமுக ஆட்கள் இருபது பேர் வருகிறார்கள்.

வறுத்த மீனை அடுக்கிப் பந்திக்கு எடுத்துப்போகப் பலகை ஒன்று வேண்டியிருந்தது. விறகுத் தொட்டியில் மாமரப் பலகை வாங்கி, உங்கள் இழைப்புளி உங்களோடு போய்விட்டதால் பக்கத்து வீட்டு மாசானத்திடம் ஒன்று இரவல் கேட்டு, நானே இழைத்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வெட்டினேன். உங்களால்கூடக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு கோளாறு. மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கட்டுமென்று, எங்கள் அப்பா படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் பூசிவிட்டேன். நேற்று ஒருவர், "இன்னாம்மா, மீனைக் கட்டுமரத்தோட தூக்கினு வர்றியா?" என்று மூக்கைப் பிடித்தார். பந்தியே சிரித்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

படகுத் தச்சரின் பெண்டாட்டி வேறு யாரைக் கேட்பேன்? நாற்றம் போக வழி சொல்லுங்கள்.

உங்கள்,
கோவிந்தம்மா

எண்ணூர்,
7-2-1952

கோவிந்தம்மாவுக்கு,

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் சிரித்துவிட்டேன். சாப்பாட்டுப் பலகைக்கு யாராவது சுறா எண்ணெய் பூசுவார்களா? மேல்மரத்தை மறுபடி இழைத்து எடு. மரத்தின் ஓட்டத்தோடு தள்ளு, எதிரே தள்ளினால் சிராய் கிளம்பும், கை பத்திரம். சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி மூன்று நாள் வெயிலில் போடு. கழுவிக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்.

இங்கே அண்ணி சமையலில் உப்பே இல்லை. கடையை மூடுகிறேன் என்று ஒரு வரி எழுது. அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன்.

துரை

ராயபுரம்,
18-2-1952

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நாற்றம் போய்விட்டது. இப்போது முப்பது பேர் வருகிறார்கள்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன். உங்களை விட்டு இருக்க எனக்கு ஆசையில்லை. வீட்டுக்குள் கால் வைத்தால் வெறிச்சென்று இருக்கிறது. அதற்காகக் கடையை விடவும் ஆசையில்லை. இது என் கையால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் வேலை உண்டாம், கடையும் உண்டு. வந்தால் பந்தியில் உட்காருங்கள், முதல் மீன் உங்களுக்கு. வராவிட்டால் வேறு யாராவது சாப்பிடுவார்கள். மீன் வீணாகாது.

உங்கள்,
கோவிந்தம்மா

எண்ணூர்,
21-2-1952

அன்புள்ள கோவிந்தம்மாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர், "அது சம்பாரிச்சா உனக்கு இன்னாடா கொறைஞ்சி பூட்ச்சி?" என்று கேட்டார். உடனே துணிமணியை மூட்டை கட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை வருகிறேன். பந்தியில் உட்கார மாட்டேன். நீ குழம்பு ஊற்று, மீன் பலகையை நான் பிடித்துக்கொண்டு வருகிறேன். "இவரு யாரும்மா?" என்று எவராவது கேட்டால் நீ வாயைத் திறக்காதே. கடைக்காரியின் புருஷன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
துரை