அப்பா ஓகே சொன்ன ஊறுகாய்

ஓசூர்,
ஆவணி 20.

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முட்டி வலியும் ஒரு குறைவில்லாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஆக்லாந்தில் இன்னும் குளிர் விடவில்லை என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே, அந்த ஊர்க்காரர்கள் போகிறார்களே என்று பார்க்காதே, அவர்கள் பிறந்ததிலிருந்து பழகினவர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், குடும்பக் குரூப்பில் எழுதினால் இருபத்தெட்டுப் பேர் கைகூப்பும் படம் போடுகிறார்கள். உன் சித்தப்பா மகள் ஜெயப்ரியா கல்யாணத்துக்கு அப்பா போனாரா இல்லையா என்று நீ மூன்று தடவை கேட்டாய், நானும் மூன்று தடவை அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இதில் நான் செய்த ஒரு கள்ளத்தனம் இருக்கிறது, அதை அவர் காதுபடச் சொல்ல முடியாது. பக்கத்துத் தெரு ரஞ்சிதா அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறாள், பருப்புப் பொடிக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன், பொடி சிந்தியிருந்தால் உதறிவிட்டுப் படி.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் சித்தப்பா பெருமாள் மத்தூரில் புது வீடு கட்டிக் குடிபோனபோது பத்திரிகை அடித்தார் அல்லவா, அதில் அண்ணன் சென்னப்பன் என்று உன் அப்பா பெயரும், சித்தி சரஸ்வதியின் அண்ணன் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. கம்பெனியில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த மனிதர் சும்மா இருப்பாரா, ரிடையர் ஆனபோது கொடுத்த வெர்னியர் அளவுகோலை பீரோவிலிருந்து எடுத்து இரண்டு பெயரின் எழுத்து உயரத்தையும் அளந்தார். அந்த அண்ணன் பெயர் நாலு மில்லிமீட்டர், இவர் பெயர் மூன்று புள்ளி இரண்டு. அதைத் தூக்கிக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்கே போய்த் தம்பியிடம் காட்டினார். அச்சாபீஸ்காரன் பண்ணதுக்கு நான் என்னா பண்றதுண்ணா என்று சித்தப்பா சிரித்துவிட்டார். சிரிச்ச இல்ல, இனிமே உன் ஊட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டன் என்று சொல்லிவிட்டு இவர் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நம் ஆட்களிடம் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் அப்புறம் நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. நான் அன்றைக்கு ஒரு வடைதான் தின்றிருந்தேன், அது வேறு வருத்தம்.

ஜெயா நம் வீட்டிலிருந்து நாலு வருடம் காலேஜ் படித்தவள். தினமும் காலையில் அவளை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டில் விட்டு வந்தவர் இவர்தான். அவளுக்கு நிச்சயம் ஆகப்போகிறது என்று நான் சொன்னபோது வெளியே போய் அந்த வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றார், டயரில் காற்று ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. சித்தப்பாவும் சித்தியும் தட்டோடு அழைக்க வந்த அன்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டவர் முக்கால் மணி நேரம் வரவில்லை, மேல்தொட்டி காலி. அவர்கள் போனதும் ஈரத்தலையோடு வந்து, தேதிகூட என் காதுல போடாத என்றார். மறுநாள் ஜெயா எனக்குப் போன் செய்து, பெரியப்பா இல்லாம நான் மேடை ஏறி நிக்கணுமா பெரிம்மா என்று தேம்பித் தேம்பி அழுதாள். அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதரை எப்படியாவது அந்த மேடையில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் இப்போது ஒரு இடத்துக்கு வேலைக்குப் போகிறோம், சம்பளமில்லாத வேலை. நம் ஹவுசிங் போர்டுக்குப் பின்னால் பக்கத்து வீடு சேவை மையம் என்று ஒன்று நடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சரோஜம்மாள் நடத்துகிறார்கள். திங்கள்கிழமை பிரஷர் பார்ப்பது, புதன்கிழமை பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பது, ஷிப்டுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். முகூர்த்த நாளில் மட்டும் அடுப்பில்லாத சமையற்கட்டு மாதிரி ஆகிவிடும். ஊரிலிருக்கும் மண்டபங்களில் பந்தி முடிந்து மிச்சமாகிற சாப்பாட்டை அன்புமணி என்கிற சிங்காரப்பேட்டைப் பையன் வேனில் கொண்டுவருவான், அது பாகலூர் ரோட்டில் கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருக்கும் ஷெட்டுகளுக்குப் போகும். சரோஜம்மாள் போட்ட சட்டம் இரண்டு. எந்த வீட்டுச் சாப்பாடு என்று யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அவர்கள் வீட்டு சாம்பார் தண்ணி என்று ஊர் பேசும், அதனால் டப்பாவில் நம்பர் மட்டும்தான். இன்னொன்று, யாராவது ஒருவர் முதலில் தின்று அரை மணி நேரம் உட்கார வேண்டும், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் வேன் கிளம்பும்.

அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். கழுத்தில் அட்டை, கையில் ஸ்பூன், மேசையில் ரிஜிஸ்டர். சாப்பாட்டை ருசி பார்க்கிறேன் என்று சொல்லமாட்டார், ஃபர்ஸ்ட் பீஸ் செக் பண்றேன் என்பார். நன்றாக இருந்தால் ஓகே, உப்புக் குறைந்தால் ரீவொர்க், புளித்த தயிர்சாதம் வந்தால் ரிஜெக்ட் என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் பிளாஸ்டிக் சேரில் அரை மணி நேரம் உட்காருவார், நாங்கள் எல்லாரும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு தடவை ஏப்பம் விட்டார், சரோஜம்மாள் நாடி பிடித்துப் பார்த்துவிட்டார்கள்.

இப்போது என் கள்ளத்தனம். நிச்சயதார்த்தம் ஓசூரில்தான் என்று சரஸ்வதி சொன்னாள், மாப்பிள்ளை ராஜேஷ்குமார் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் என்றாலும் வேலை இங்கே கம்பெனியில் என்பதால். நான் உடனே, மிச்சமாகிற சாப்பாட்டை எங்கள் மையத்துக்கு அனுப்பு, கூடவே உன் கையால் போட்ட மாங்காய் ஊறுகாயும் கொஞ்சம் அனுப்பு என்றேன். என் கணக்கு என்னவென்றால், மனிதர் தெரியாமல் தின்றுவிடட்டும், ஒரு நல்ல நாள் பார்த்து, நீங்கள் சொன்ன வார்த்தை என்றைக்கோ முறிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று சொல்லிவிடலாம். சரஸ்வதி பயந்தாள். மாமா கண்டுபிடிச்சா வாந்தி எடுத்துடுவாருக்கா என்றாள். ஊறுகாயை யார் வாந்தி எடுப்பார்கள், அனுப்பு என்றேன்.

ஆனி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலாம் நம்பர் வந்தது. அப்பா சாம்பாருக்கு ஓகே, இனிப்பு ஒப்பட்டுக்கு ஓகே. ஊறுகாய் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார், கண்ணை மூடினார். நான் அட்சதை பிடிக்கிற மாதிரி கையை இறுக்கிக்கொண்டு நின்றேன். மறுபடி செக் பண்ணணும் என்று இன்னொரு ஸ்பூன். அப்புறம் கொஞ்சம் சாதம் கேட்டார். சரோஜம்மாள் கொடுத்தார்கள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பிசைந்து, எந்த மகராசி கையோ, மூணு வருசமாச்சு இப்படி ஒரு ஊறுகா தின்னு என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமிக்கொண்டே வெளியே போய்விட்டேன்.

நான் வெளியே போனதுதான் தப்பு. உள்ளே ஒரே கூச்சல். ஊறுகாய் வந்த தூக்குவாளியைக் காலி செய்து கழுவப் போன அப்பா, அடியில் வெட்டியிருந்த பெயரைப் படித்திருக்கிறார். மேகலா காதணி விழா, மத்தூர், 1996. உன் காது குத்துக்கு வாங்கிய தூக்கு! ஜெயா காலேஜ் லீவில் ஊருக்குப் போகும்போது முறுக்குப் போட்டுக் கொடுத்து அனுப்பினது, திரும்பி வரவேயில்லை, நானும் மறந்துவிட்டேன். இந்த சரஸ்வதிக்கு வேறு பாத்திரமா கிடைக்கவில்லை. அப்பாவோ தூக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, எம் பொண்ணு தூக்கு, எவனோ திருடி மண்டபத்துல ஊறுகா போட்டு வச்சிருக்கான், எந்த மண்டபம், எந்த வீடு, இப்பவே சொல்லணும் என்று குதிக்கிறார். வீட்டுப் பெயர் சொல்லக்கூடாது, அது சட்டம் என்று சரோஜம்மாள் சொல்ல, அப்படின்னா நான் போலீசுக்குப் போறன் என்று செருப்பை மாட்டிவிட்டார். அன்புமணி பயந்துபோய், அது மத்தூர் மாங்கா மண்டிக்காரர் வீட்டு நிச்சயம் சார், பெருமாளுன்னு பேரு, பாவம் அவரப் பாத்தா திருடன் மாதிரி தெரியல சார் என்று கொட்டிவிட்டான்.

அப்பா அப்படியே சேரில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் அரை மணி நேரம் உட்காருகிற அதே சேர்தான், இந்தத் தடவை நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாதாட ஆரம்பித்தார். இது அவன் வீடு இல்லை, இது சாப்பாடே இல்லை, செக்கிங், ஸ்பூனில் தின்றதெல்லாம் கணக்கில் வராது. கையால பிசஞ்சீங்களே சார் என்று அன்புமணி. நீ வண்டியப் போய்த் தொடைடா என்று இவர். சரோஜம்மாள் ரிஜிஸ்டரைத் திறந்து அவர் கையெழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார்கள். நாலாம் நம்பர், ஊறுகாய், ஓகே. மறு செக், ஓகே. சாதத்துடன் செக், ரொம்ப ஓகே. கீழே கையெழுத்து, நேரம் எல்லாம் போட்டிருந்தது. ஓகே என்று கையெழுத்துப் போட்ட பீஸைத் திரும்ப ரிஜெக்ட் செய்கிறவன் இன்ஸ்பெக்டரே இல்லை என்று முப்பது வருடமாக நம் எல்லார் காதிலும் ஓதியவர் இவர்தானே. தூக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆடி முழுவதும் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் காலண்டரில் ஆவணி பக்கத்தை யாரோ முன்கூட்டியே புரட்டிப் பார்த்திருந்தார்கள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், நான் புரட்டவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் வேட்டிக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, நாளைக்கு மண்டபத்துல மிச்சம் எடுக்க ஆள் வேணுமாம், நான் வேன்ல போறன், டியூட்டி என்றார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கல்யாணமும் ஓசூரிலேயேதான், நான் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன், அவர் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்வாசலில் வேனை நிறுத்தி, அட்டையை மாட்டிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குள் போய்விட்டார். பந்தியே இன்னும் ஆரம்பிக்கவில்லை, மிச்சத்துக்கு எங்கே போவது. சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொரு அண்டாவாகத் திறந்து ருசி பார்த்து, பாயசத்துக்கு ரீவொர்க் போட்டுவிட்டார். தலைமைச் சமையல்காரருக்கு வந்ததே கோபம். யாரோ ஒரு கெழவன் அட்டைய மாட்டினு வந்து எம் பாயசத்த ஃபெயில் பண்றான் என்று சித்தப்பாவிடம் போய்ச் சொல்ல, அவர் மேல்துண்டோடு ஓடி வந்தார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பாயச அண்டா. சித்தப்பா குனிந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். என்னாண்ணா கொற என்று கேட்டார். ஏலக்கா கம்மிடா என்றார் அப்பா. சித்தப்பா சமையல்காரர் பக்கம் திரும்பி, எங்கண்ணன் சொல்றாரு இல்ல, போடுய்யா என்று கத்தினார். அவ்வளவுதான் சமாதானம். அப்பா அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயா எங்க என்றார். சித்தப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பெரியப்பாவைப் பார்த்ததும் ஜெயா மணவறையிலிருந்தே கையை ஆட்டினாள், புரோகிதர் அதட்டினார். தாலி கட்டும்போது இவர் போட்ட அட்சதையில் பாதி சம்பந்தியின் கண்ணாடிமேல் விழுந்தது. நான் நன்றாக அழுதேன் மேகலா, மறைக்க ஒன்றுமில்லை, நீயும் பக்கத்தில் இல்லையே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

அப்புறம்தான் அடுத்த கூத்து. பெண்ணுக்குப் பெரியப்பா ஆகிவிட்டார் அல்லவா, பந்தியில் ஒருவரையும் விடவில்லை. வேண்டாம் என்று இலையை மூடினவர்களுக்கும் திறந்து வைத்தார். ஒன்றரை மணிக்கு அன்புமணி டப்பாக்களோடு வந்தால் அண்டாவெல்லாம் காலி, ரசம் மட்டும் அரை வாளி. இன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு வரும் என்று சொல்லி வைத்ததால் ஷெட்டில் எழுபது பேர் அடுப்புப் பற்ற வைக்காமல் காத்திருக்கிறார்கள், குழந்தைகள் வேறு இருக்கிறார்கள் என்று சரோஜம்மாள் போனில் சத்தம் போடுகிறார்கள். அப்பா முகம் வெளுத்துவிட்டது. எல்லாத்தயும் நானே போட்டுத் தீத்துட்டன்டா என்று தம்பியிடம் சொன்னார். சித்தப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அடுப்பு இன்னும் அணையல, எல்லாரயும் இங்கயே கூட்டினு வரச்சொல்லுண்ணா, எதுக்கு மிச்சத்தத் திங்கணும் என்றார். மாப்பிள்ளையின் சிநேகிதர்களை ஏற்றி வந்த பஸ் சும்மா நின்றிருந்தது, அன்புமணி அதில் ஏறிப் போனான். யார் சொல்லி மறுபடி உலை வைப்பது என்று சமையல்காரர் கேட்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நான்தான் என்றார்கள்.

பஸ் வந்தது. ஒடிசா, பீகார் ஆட்கள், சிமெண்ட் படிந்த கால், சிலர் தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் பிள்ளைகள். வாழைமரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள், உள்ளே வர யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்பா பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒவ்வொருவர் தலையிலும் தெளித்து, சந்தனத்தை நீட்டி, மேடையில் இருந்த ஜெயாவைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, மை படா அப்பா, மை படா அப்பா என்கிறார். பெரியப்பாவுக்கு இந்தியில் என்னவென்று அவருக்கு யார் சொன்னது, நான் என்றால் மை, பெரிய என்றால் படா, அவ்வளவுதான். ஆனால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முதலில் வந்த பெண் பிள்ளையை இறக்கிவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொட்டாள், அவள் பின்னால் வந்தவர்களும் தொட்டார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கையில்லை, ஒரு கையில் செம்பு, ஒரு கையில் சந்தனம். மூன்று வருடமாக எந்த உறவுக்காரரிடமும் தான் பெரியப்பா என்று சொல்லாதவர், நம் பாஷை தெரியாத எழுபது பேரிடமும் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தார்.

நீயும் மாப்பிள்ளையும் சோறும் சுகமுமாக, சண்டை வந்தாலும் சாப்பாட்டு வேளைக்குள் முடிக்கிறவர்களாக நீடூழி வாழ வேண்டும். இதைப் படித்ததும் ஞாபகமாகச் சித்தப்பாவுக்குப் போன் செய், அப்பா இப்போது மத்தூரில் அவர் வீட்டில்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார், எப்போது வருவார் என்று அப்படியே கேட்டுச் சொல்.

ஆசிகளுடன்
உன் அம்மா
செல்வம்மாள்