இரண்டு கணினி, இரண்டு பதில்

செவ்வாய்க்கிழமை இரவு, ஆலங்குடி.

செல்வி அக்காவின் தென்னந்தோப்பில் எடுத்த நிலத்தடி நீர் அளவுகளை நேற்று லினக்ஸ் கணினியில் ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முடித்து, தெற்கு மூலையில் தண்ணீர் இருக்கிறது என்றது. அக்காவிடம் உடனே சொல்லிவிட்டேன்.

விண்டோஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்கத்தான் அதே கணக்கை அதிலும் போட்டேன். இன்று பகல் முழுக்க இழுத்துவிட்டு, வடக்கு மூலை என்கிறது. அளவுகள் அதேதான், மென்பொருளும் அதேதான். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எது தப்பு என்று தெரியவில்லை. சீக்கிரம் முடித்ததற்காக மட்டுமே லினக்ஸை நம்பியிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்கு போர் போட வேணாம். நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன தம்பி இப்புடிச் சொல்றீங்க? போர் வண்டி சாயங்காலமே வந்துருச்சு. நீங்க சொன்ன எடத்துலதான் ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

"தண்ணி வந்துச்சா?"

"புழுதிதான் வருது. இன்னும் கீழ போகச் சொல்லவா?"

போனில் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா காத்திருந்தார்.

"போகச் சொல்லுங்கக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?