டான் ஃபூவுக்குப் போட்ட எழுத்து

வியட்நாம், மார்ச் 3, 1967

அன்பு வெர்னா,

நீ அனுப்பிய பிஸ்கட் தூளாக வந்தது. நானும் மொழிபெயர்ப்பாளர் லாமும் கரண்டியால் அள்ளித் தின்றோம். "உங்க வீட்டம்மா மாவாவே அனுப்பியிருக்கலாமே மேஜர்" என்றான். இரண்டு வரிக்கு மேல் நீ எழுதுவதே இல்லை என்பது என் குறை.

இந்த மாத ஊர் மதிப்பீட்டை அனுப்பிவிட்டேன். ஊருக்கு ஓர் ஆங்கில எழுத்து: பத்திரமான ஊருக்கு ஏ, எதிரி கையில் இருப்பதற்கு ஈ. டான் ஃபூ கிராமத்துக்கு டி போட்டேன். பகலிலேயே அந்தச் சாலையில் போக முடியாது. வாஷிங்டன் அலுவலகத்தில் உன் மேசைக்குத்தானே வரும்? பார்த்துக்கொள்.

உன் டெல்மர்

வாஷிங்டன், மார்ச் 21

அன்பு டெல்மர்,

இன்று நிறைய எழுதுகிறேன். உங்கள் மாகாண அறிக்கைகளை இரண்டு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தேன். என் மேலதிகாரி படித்துவிட்டு, "மேல இருக்கறவங்க கவலையைப் படிக்க மாட்டாங்க, வெர்னா. ஒரு எழுத்துதானே, ஏத்திப் போடு" என்றார். மறுத்தால் காகிதமே மேலே போகாது. டான் ஃபூவை பி ஆக்கினேன். உன் சந்தேகத்தை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். கோபப்படாதே. முதல் முறையாக என் காகிதம் கொள்கைக் கூட்டம் வரை போயிருக்கிறது.

வெர்னா

வியட்நாம், ஏப்ரல் 9

வெர்னா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. டான் ஃபூவுக்கு அரிசி கொண்டுபோகச் சொல்லி வியாழக்கிழமையே உத்தரவு வந்துவிட்டது, காவல் வண்டி இல்லாமல். நான் கர்னலிடம் வாதாடினேன். அச்சிட்ட காகிதத்தை நீட்டி, "வாஷிங்டன்லயே பத்திரம்னு போட்டிருக்கான், நீ என்னய்யா நடுங்கறே?" என்றார். அடிக்குறிப்பு எதுவும் இல்லை. கீழே உன் கையொப்பம் இருந்தது. எனக்குத் தெரியாத ஏதோ உனக்குத் தெரிந்திருக்கிறது என்று நம்பிப் போனேன்.

இரண்டாவது மைலில் கண்ணிவெடி. லாம் போய்விட்டான். "சாலை நல்லா இருக்குன்னு யார் சொன்னது?" என்று அவன் மனைவி கேட்டாள். நான்தான் என்றேன்.

டெல்மர்

வாஷிங்டன், ஏப்ரல் 24

என் டெல்மர்,

திருத்தம் எழுதி மேலதிகாரியிடம் எடுத்துப் போனேன். "இப்ப திருத்தினா, முதல்ல ஏன் போட்டேன்னு கேப்பாங்க. பத்திரமான ஊர்க் கணக்கு மேல இருக்கறவங்க பேச்சுலயே வந்தாச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை நம்பி இன்னும் படை அனுப்பப்போகிறார்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "விடு. உன் நாற்காலிக்கு நாளைக்கே ஆள் வரும்" என்றார். இன்னும் விடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. என்னைத் திட்டியாவது எழுது.

வெர்னா

வியட்நாம், மே 8

வெர்னா,

இன்னும் ஓராண்டு இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் கோபமில்லை. ஆனால் இனி நீ நன்றாக இருப்பதாக எழுதினாலும், முதலில் என்ன எழுதி எதை அடித்தாயோ என்றுதான் பார்ப்பேன். எழுத வேண்டாம்.

டெல்மர்