ஏறச் சொன்ன குரல்

காத்மாண்டு

அன்புள்ள அம்மாவுக்கு, பினிதாவின் வணக்கங்கள். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

செவ்வாய்க்கிழமை மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தோம்; நான் துணை விமானி. எதிரே இன்னொரு விமானம் வருவதை எங்கள் விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவி கண்டுபிடித்து, “ஏறு, ஏறு” என்றது. அதே நேரம் கட்டுப்பாட்டு அறை எங்களை இறங்கச் சொன்னது. கேப்டன் கார்க்கி சாரும் விமானத்தை இறக்கத் தொடங்கினார். இப்படி முரண்பட்டால் கருவியைத்தான் கேட்க வேண்டும். எதிர் விமானத்தை அதன் கருவி இறங்கச் சொல்லியிருக்கும்.

“சார், ஏத்துங்க!” என்று கத்திவிட்டேன். ஏற்றினார். மற்றது எங்களுக்குக் கீழே கடந்துபோனது. அவ்வளவுதான்.

தரையிறங்கியதும், “என்னையே அதட்டிட்டியே, தங்கச்சி!” என்று சிரித்தார். ஆனால் டீயில் இரண்டாம் முறையும் சர்க்கரை போட்டார். நானும்தான்.

மிளகாய் ஊறுகாய் அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையும் வேண்டும், துவைக்காமலே அனுப்புங்கள். விமான நிலைய வண்டி வந்துவிட்டது.

பினிதா