இரண்டு நாடுகள் போதும்

லியெக்ஸா, பின்லாந்து
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள பெலிஸ்மினா அவர்களுக்கு,

இல்போ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ஏரியின் மேல் பனிக்கட்டி என்னைவிட நலம். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் காகிதம். மின்னஞ்சல் அனுப்பினால் "விடுப்பில் இருக்கிறேன்" என்று உங்கள் கணினியே பதில் போடுகிறது. மூன்று வாரமாக அதனோடுதான் எனக்குக் கடிதப் போக்குவரத்து. அலுத்துப்போய்க் கடைக்குப் போய்த் தபால் தலை வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண், "இன்னுமா கடுதாசி எழுதுறீங்க?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இந்த ஊரில் கல்லூரிக்கு வெளியே ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதாம், பாதியில் நிறுத்திவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளை நீங்கள் உங்கள் பக்கத்து ஜன்னல் வழியாகவே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என் பக்கத்து ஜன்னல் வழியாகவும் ஒருமுறை பாருங்கள்.

நம் நான்கு கல்லூரிகளின் கூட்டு வலையமைப்புக்கு ஐரோப்பிய நிதி கேட்டு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். நண்பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும், அதுவும் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி. இத்தனை வருஷமும் எங்கள் கல்லூரி தலைமை வகித்தது, இந்த முறை உங்களுடையது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நீங்கள் எழுதிய விண்ணப்பம் அது. காட்டுத் தீ பற்றி நான்கு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற அந்தப் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு எனக்கே மறுபடி மாணவனாகச் சேரலாமா என்று தோன்றியது. நான் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். உங்கள் செய்தி வந்தது: "முடிச்சாச்சுய்யா இல்போ! இன்னும் அரை மணி நேரம் கையில இருக்கு. அழுத்தப் போறேன்!"

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை. அப்படியென்றால் பிரஸ்ஸல்ஸில் பன்னிரண்டரை.

உங்கள் போர்ச்சுகல் கடிகாரம் பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு மணி நேரம் பின்னால் நடக்கிறது, எங்களுடையது ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இத்தனை வருஷம் எங்களுக்கு ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்துவந்தது. அதை உங்களிடமிருந்து பிடுங்கித்தான் எங்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. அதற்குள் திரையில் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கேக்கைக் காபி அறையில் வைத்தேன். மரம் வெட்டும் இயந்திரங்கள் பற்றிப் பாடம் எடுக்கும் கௌகோ ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "யாருக்குப் பொறந்தநாள்?" என்றார். "பிறந்தநாள் இல்லை, இழவு" என்றேன். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "நல்ல கேக்" என்றார். எங்கள் ஊரில் அது நீளமான இரங்கல் உரை.

லித்துவேனியாவிலிருந்து டாங்குவோலே போன் செய்தாள். "அவ போனையே எடுக்க மாட்டேங்கிறா, இல்போ. நான் என்ன திட்டவா போறேன்?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திட்டத்தான் போறேன். ஆனா ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் எப்பவும்போலப் பேசலாம்ல?" என்றாள். நெதர்லாந்திலிருந்து ஹார்ம் ஒரே வரி எழுதியிருக்கிறான்: "தப்பு தப்புதான், ஆனா இது கடிகாரத் தப்பு, ஆள் தப்பு இல்லை." ஹார்ம் வாயிலிருந்து வந்த வாக்கியங்களில் இதுதான் இனிப்பானது. சட்டம் போட்டு மாட்டலாம்.

யாருக்கும் கோபமில்லை. ஒரு வரி எழுதுங்கள். "போய்யா" என்று எழுதினாலும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
இல்போ


லியெக்ஸா
நடுக்கோடை விடுமுறை முடிந்த திங்கள்

அன்புள்ள பெலிஸ்மினா அவர்களுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். பாவம், அவர் விளம்பரத் தாள்களை எல்லாம் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து போடுகிறார்.

உங்களுக்குச் சுடச்சுட ஊர் வம்பு கொஞ்சம் தருகிறேன். ஹார்மின் கல்லூரியைப் பெரிய பல்கலைக்கழகக் கூட்டணி ஒன்று சேர்த்துக்கொண்டது. பத்துப் பல்கலைக்கழகமாம், தனிச் சின்னமாம், தனிக் கொடியாம். "இப்பல்லாம் கூட்டத்துல யார் எந்த நாடுன்னே தெரியல. கழுத்துல தொங்குற அட்டையைப் பார்த்துத்தான் பேசுறோம்" என்று புலம்பினான். டாங்குவோலே இந்தக் கோடையோடு ஓய்வு பெறுகிறாள். அவளிடத்துக்கு ஆள் போடப் போவதில்லையாம். முழங்கால் வலி வேறு. "வலையமைப்புல நான்தான் பெரிய ஓட்டை" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது குரல் சரியாக இல்லை. உங்கள் கல்லூரித் தலைவர் இனி வெளிநாட்டுத் திட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், நீங்கள் முதலாண்டு வகுப்புகளுக்கு மட்டும் போய்வருவதாகவும் அவள்தான் சொன்னாள். ஆக, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று உங்களுக்கு நான் பொய் ஆறுதல் சொல்லப் போவதில்லை. சொன்னால் நம்புகிற ஆளா நீங்கள்!

என் கதை கேட்க வேண்டுமே. என் அறைக்கதவில் "பன்னாட்டு ஒருங்கிணைப்பாளர்" என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டார்கள். வகுப்பறை ஒதுக்கீடு இப்போது என் வேலை. முன்பு நான்கு நாடுகளை ஒருங்கிணைத்தேன், இப்போது நான்கு மாடிகளை. மாடிகள் சொன்னபடி கேட்கின்றன. எந்த மாடியும் தாமதமாக வருவதில்லை, சைவம் கேட்பதில்லை, உங்களைப்போலச் சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியலறைக்குள் வர மறுத்து மூன்று ஸ்வெட்டரோடு வெளிப்படியில் உட்கார்ந்து, "நான் என்ன மீனா, வேகவைக்கிறதுக்கு?" என்று கத்துவதும் இல்லை. அந்தச் சவுனாவை நிகழ்ச்சி நிரலில் "முறைசாராக் கருத்துப் பரிமாற்றம்" என்று போட்டது நினைவிருக்கிறதா? ஹார்ம் நேர்மையாக அறிக்கையில் "வெப்பநிலை எண்பது" என்று சேர்த்துத் தொலைத்தான். தணிக்கைக்காரர் கேட்ட விளக்கத்துக்கு நான் எழுதிய பதில் ஒரு தனி இலக்கியம்.

நடுக்கோடை இரவுக்கு எல்லோரும் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விட்டார்கள். ஊரே காலி. நானும் படகை எடுத்துக்கொண்டு போனேன். இங்கே இந்த நாளில் பொழுது சாயவே சாயாது, உங்களுக்குத் தெரியும். பேச ஆளிருந்தால் அது வரம். தனியாக இருந்தால், விருந்து முடிந்தும் கிளம்பாத விருந்தாளிபோல அந்த வெளிச்சம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி சிர்க்கா என்னை விட்டுப் போனபோது சொன்ன காரணம், நான் அதிகம் பேசுகிறேன் என்பது. இப்போது அவள் வந்து பார்த்தால் திருந்திவிட்டேன் என்று நினைப்பாள்.

இந்தக் கதையை நான் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். லித்துவேனியாவில் நடந்த கௌனாஸ் கூட்டத்தன்று வெளியே மூடுபனி. ஹார்மின் விமானம் கிளம்பவில்லை. கூட்டத்தை நடத்த வேண்டிய டாங்குவோலே காய்ச்சலில் படுத்துவிட்டாள். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் நீங்களும் நானும் மட்டும். ரத்து செய்துவிடலாம் என்றேன். நீங்கள் விதிப்புத்தகத்தைத் தட்டி, "பன்னாட்டுக் கூட்டம்னா ரெண்டு நாட்டு ஆள் இருந்தாப் போதும்யா. நீ ஒரு நாடு, நான் ஒரு நாடு. உக்காரு" என்றீர்கள். உட்கார்ந்தேன். நீங்கள் முன்மொழிந்தீர்கள், நான் வழிமொழிந்தேன், எதிர்ப்பு இல்லாமல் எல்லாம் நிறைவேறியது. வருகைத்தாளில் கையெழுத்தும் போட்டோம், போடாவிட்டால் பயணப்படி வராதே. உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய சீமைமாதுளை அல்வாவை நடுவில் வைத்திருந்தோம். அது நான்கு பேருக்கானது. கடைசியாக "இதர விஷயங்கள்" வந்தது. வழக்கமாக எல்லோரும் பையை மூடுகிற நேரம். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா, இல்போ?" என்று கேட்டீர்கள்.

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேசை போட வந்தவர்கள் நம்மைச் சுற்றித் தட்டுகளை வைக்க ஆரம்பிக்கும்வரை பேசினேன். நீங்கள் அறிக்கையில் எழுதியது ஒரே வரி: "இதர விஷயங்கள் பேசப்பட்டன." அதைத் தணிக்கைக்காரர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி வரும்: நிதி நின்ற பிறகு இந்தக் கூட்டுறவு எப்படித் தொடரும்? ஊரில் எல்லாரும் அதற்கு இணையதளம், கையேடு என்று ஏதாவது அளந்துவிடுவார்கள். நீங்கள் எழுதியது: "எங்களுக்குள் பழகிவிட்டது, பணம் நின்றாலும் சந்திப்போம்." இது விண்ணப்பமா கல்யாணப் பத்திரிகையா என்று நான்கூடக் கேலி செய்தேன். மதிப்பீட்டாளர் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் போட்டார்.

பணம் நின்றுவிட்டது, பெலிஸ்மினா. எப்போதும்போல அக்டோபரில் கூட்டம் வைப்போம். இந்த வருஷம் உங்கள் ஊரின் முறைதானே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், வரமாட்டேன். எழுதாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நல்ல மழை பெய்து உங்கள் காடுகள் இந்தக் கோடையைத் தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

இல்போ


உங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள காபிக்கடை
அக்டோபர்

அன்புள்ள பெலிஸ்மினா அவர்களுக்கு,

பயப்படாதீர்கள். இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லாததைப் பார்த்தே புரிந்திருக்கும். வாசல் காவலர் அடெலினோதான் இதை உங்கள் கையில் சேர்க்கிறார்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை. செப்டம்பர் முழுக்க அந்த வெற்றுத் தபால்பெட்டியை எப்படி எப்படியோ வாசித்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், வகுப்பறை ஒதுக்குகிற அட்டவணையில் என் பெயரை ஒரு வாரத்துக்கு நான்கு மாடிகளிலிருந்தும் எடுத்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்கினேன். என் சொந்தப் பயணம். வருகைத்தாள் கொண்டுவரவில்லை. கையில் தாள் இல்லாமல் ஒரு வெளிநாட்டில் இறங்கியது, சட்டை போடாமல் தெருவில் இறங்கியது மாதிரி இருந்தது.

டாங்குவோலேக்கு நேற்றுத்தான் முழங்கால் அறுவை. படுக்கையிலிருந்து போன் செய்து, "என் திட்டையும் நீயே எடுத்துட்டுப் போ. ஆனா குடுக்காத, திருப்பிக் கொண்டு வந்துடு" என்றாள். ஹார்முக்கு இதே வாரம் கூட்டணிக் கூட்டம். இருநூறு பேராம். "நீங்க ரெண்டு பேரும் பேசுறதை எனக்குச் சுருக்கி அனுப்பு" என்றான். ரெண்டு பேர் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், பாருங்கள். அவனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அடெலினோவிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் போர்ச்சுகீசும், அவருடைய கைகளும் சேர்ந்து பேசின. "அம்மா உள்ளதான் இருக்காங்க. காலைல வருவாங்க, பாடம் எடுப்பாங்க, போயிடுவாங்க. முன்னெல்லாம் என்னைத் திட்டாம ஒரு நாள் போகாது. இப்பத் திட்டுறதே இல்லை சார், அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். அப்புறம் ரகசியம்போலக் குனிந்து, "அவங்க அறையில இப்ப ரெண்டு கடிகாரம் மாட்டியிருக்காங்க" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து இந்த நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை.

அந்த இரண்டாவது கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பிரஸ்ஸல்ஸில் இப்போது மணி என்னவாக இருந்தால் நமக்கென்ன? அங்கே நமக்காக யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்கிற ஆள் இங்கே ஜன்னலோர மேசையில் இருக்கிறான். கடைக்காரர் இதுவரை மூன்று காபி கொடுத்துவிட்டார். உங்கள் ஊர்க் காபியின் அளவுக்கு, அவை மூன்றையும் எங்கள் ஊர்க் கோப்பை ஒன்றில் ஊற்றினாலும் அடியில்தான் கிடக்கும். எதிர் நாற்காலியை வேறு மேசைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். ஆள் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யாக இருந்தாலும் சொல்ல நன்றாக இருந்தது.

வர முடியாவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்கள் அம்மா அல்வா செய்திருந்தால் மட்டும் கொஞ்சம் பேசலாம்.

நிகழ்ச்சி நிரல் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு பொருள்: இதர விஷயங்கள். இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்கிறேன். கடைசி நேரம் என்று எதுவும் கிடையாது. இன்று முடியாவிட்டால் நாளை, இந்த மேசைதான், வெள்ளிக்கிழமைவரை.

விதி உங்களுக்குத் தெரியும். ஒரு நாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் தொடங்க இன்னும் ஒன்றுதான் வேண்டும்.

உங்கள்,
இல்போ