பாரம் இறக்காத லாரி

மச்சான்,

இன்று காலை உன் லாரியின் கதவைத் திறந்ததும் பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் நானும் உள்ளே கழுவுவதில்லை.

கூட்டாளியாக இருந்து, உன் தங்கையை நான் கட்டியதால் மச்சானானவன் நீ. அப்போது நான் கொடைக்கானலில் ஒரு துரையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரைவர். நீ பூம்பாறையில் பூண்டு ஏற்றும் இந்த லாரிக்கு. டீக்கடையில் சந்தித்தால் நமக்குள் ஒரே சண்டைதான். என் கார் விரல் பட்டாலே திரும்பும், வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் என்று பீற்றிக்கொள்வேன்.

"அது வண்டியா மாப்ளே, செருப்பு. சின்னக் கல்லு ஏறுனாலும் முதுகுல குத்தும்" என்பாய்.

உன் லாரியோ ஸ்டியரிங்கை அரைச்சுற்று சுற்றிய பிறகுதான் திரும்பலாமா என்று யோசிக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒருதரம் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். ஒருநாள் வண்டியை மாற்றி ஓட்டிப் பார்த்தோமே, ஞாபகமிருக்கிறதா? லாரி பிரேக்கை மிதிப்பதுபோல் காரில் ஓங்கி மிதித்தாய். இரண்டு பேர் நெற்றியும் வீங்கியது.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதற்கு மாதம் நெருங்கியதும், பூம்பாறையில் உன் வீட்டில் இருந்த உன் தங்கையைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். பூம்பாறைப் பாதை அப்போது மழையில் சேறாகிக் கிடந்தது. காரின் அடி தட்டும் என்பதால், தார் ரோடு தொடங்கும் இடத்தில் நான் காத்திருப்பது என்றும், அதுவரை நீ லாரியில் கொண்டுவருவது என்றும் பேசிவைத்தோம்.

நீ வரவே இல்லை. கடைசியில் முதல் கியரில் முனகிக்கொண்டு லாரி தெரிந்தது. பின்னால் பூண்டு மூட்டைகள், அவற்றின்மேல் மெத்தை, அதில் அவள். வழியிலேயே வலி கண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை.

"பாரத்தை எறக்கிட்டு வெரசா வந்தா என்ன கொள்ளை?"

"ஏலே, வெறும் லாரி குதிக்கும்லே! பாரம் இருந்தாத்தான் ஸ்பிரிங் பட்டை அமுங்கி அலுங்காம வரும். என் சோலி முடிஞ்சுது. இனி ஒன் செருப்பை ஓட்டு."

உன் சட்டை தொப்பலாய் நனைந்திருந்தது. அந்தக் குளிரில் அது வியர்வை. அவள் வாய் திறந்தது ஒரே தரம்தான்: "அண்ணனைத் திட்டாதீங்க. ஒரு குலுக்கல் இல்லை."

தார் ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உன் மருமகள் பிறந்தாள். நீ பின்னாலேயே லாரியோடு வந்து, குழந்தையை முகர்ந்து பார்த்து, "பூண்டு மணக்குது மாப்ளே" என்று சிரித்தபடியே அழுதாய்.

துரை காரை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். உனக்குப் பிறகு உன் லாரி என் கைக்கு வந்தது. உன் மருமகள் இப்போது பள்ளிக்கூடத்துக்கு என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள். "அப்பா, எல்லா லாரியும் நம்மளை முந்திட்டுப் போகுது" என்று தினமும் குறைப்படுகிறாள்.

போகட்டும் மச்சான். அன்றுபோலவே மூட்டைமேல் அவள் அம்மா படுத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் இன்றைக்கும் ஓட்டுகிறேன்.