அம்புக்குறி இல்லாத கல்

அவிநாசி,
ஆடி, 1974

ஏனுங்க,

தென் துருவத்துக் கல் பார்சலில் வந்து சேர்ந்தது. நீங்கள் ஊர் திரும்பியதே வேலம்பாளையம் தபால் முத்திரையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்லைப் பழைய பனியனில் சுற்றியிருந்தீர்கள், கடிதம் இல்லை. நீங்கள் கப்பலேறிய மறுநாள் நான் அப்பா வீட்டுக்கு வந்தேன். அதைப் பற்றியும் நீங்கள் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

"இத வெச்சு என்ன கண்ணு பண்றது, இஞ்சி நசுக்கவா?" என்றார் அம்மா.

கல்லில் வரிகள் ஒருமுறை மடிந்து, அந்த மடிப்பே குறுக்கே மறுபடி மடிந்திருக்கிறது. நடுவில் சிவப்பு மணிகள். பூமியின் ஆழத்தில், கடும் சூட்டில் நசுங்கினால்தான் அவை விளையும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பிறகு அம்புக்குறியைத் தேடினேன். பாறையிலிருந்து உடைக்கும் முன்பே வடக்கு எது, மேல்பக்கம் எது என்று மையால் குறிப்பீர்கள். குறி இல்லாவிட்டால் எந்தப் பக்கமிருந்து நசுங்கியது என்று தெரியாது. "ஆராய்ச்சிக்கு ஆகாது" என்று எவ்வளவு நல்ல கல்லையும் வீசிவிடுவீர்கள். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எங்கும் குறி இல்லை.

ஆக, இது எனக்கென்று எடுத்தது. அதை ஒரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். ஊட்டைக் கூட்டி வையுங்க. கல்லும் என்னோடு வரும். அதில் குறி கிறி எதுவும் போட்டுறாதீங்க.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி